பளு ஏறும்போது விழும் லினக்ஸ் கெர்னல்: காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண நாட்களில் மாதக்கணக்கில் அசையாமல் ஓடும் ஒரு லினக்ஸ் சர்வர், பளு உச்சத்தைத் தொடும் வேளையில் மட்டும் விழுந்துவிடுகிறது என்றால், அந்தப் பளுதான் பிழையை உண்டாக்கியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிழை பெரும்பாலும் முன்பே நிரலில் இருக்கிறது. அதை வெளியே இழுத்துவரும் வேலையைத்தான் பளு செய்கிறது. இரண்டு சிபியூக்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொடுவதற்கான வாய்ப்பு சாதாரண நேரத்தில் கோடியில் ஒன்றாக இருந்தால், நொடிக்குப் பல லட்சம் கோரிக்கைகள் வரும்போது அது மணிக்கு ஒருமுறை நடக்கக்கூடியதாகிவிடும். நினைவகம் தட்டுப்படும்போது, கேட்ட நினைவகம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று எழுதப்பட்ட நிரல்வரிகள் ஓடத் தொடங்கும். அவை வன்பொருளை இயக்கும் பல டிரைவர்களில் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாதவை. வரிசைகளும் எண்ணிகளும், ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கப்படும் நினைவகமான ஸ்டாக்கும் எழுதியவர் மனத்தில் வைத்திருந்த எல்லையைத் தாண்டுவதும் அப்போதுதான். இவற்றோடு, மின்சாரமும் வெப்பமும் உச்சத்தில் இருப்பதால், பலவீனமான நினைவகச் சில்லோ மின்வழங்கியோ தன் குறையைக் காட்டுவதும் அதே நேரத்தில்தான்.

இதனால் இந்த வகைப் பிழைகளில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுந்த இடமும் பிழை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். கீழே வரும் படிகள் அனைத்தும் இரண்டு நோக்கங்களுக்காக அமைந்தவை: விழும் கணத்தின் தடயத்தை முழுமையாகப் பிடிப்பது, பிழை வெளிப்பட எடுக்கும் நேரத்தை நாட்களிலிருந்து நிமிடங்களுக்குக் குறைப்பது.

1. என்ன நடந்தது என்பதை முதலில் வகைப்படுத்துங்கள்

'சர்வர் கிராஷ் ஆகிவிட்டது' என்று வரும் புகாருக்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கலாம். ஊப்ஸ் என்பது கெர்னல் தனக்குள் ஒரு பிழையைக் கண்டு, அந்த வேளையில் ஓடிக்கொண்டிருந்த பணியைக் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓட முயலும் நிலை. பேனிக் என்பது இனித் தொடர முடியாது என்று கெர்னல் நின்றுவிடும் நிலை. சாஃப்ட் லாக்கப் என்பது ஒரு சிபியூ கெர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, வேறு எந்தப் பணிக்கும் வழிவிடாமல் ஏறத்தாழ 20 நொடிகளுக்கு மேல் இருப்பது. ஹார்ட் லாக்கப் என்பது வன்பொருள் அனுப்பும் இடைமறிப்புகளான இன்டரப்ட்டுகளைக்கூட ஏற்காமல் 10 நொடிகளுக்கு மேல் இருப்பது. இவ்விரண்டும் வாட்ச்டாக்_திரெஷ் என்ற ஒரே அமைப்பிலிருந்து வருகின்றன. அதன் இயல்பு மதிப்பு 10. ஹங் டாஸ்க் என்பது ஒரு பணி தடைபட்ட நிலையிலேயே 120 நொடிகளுக்கு மேல் கிடப்பதைச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே. நினைவகம் தீர்ந்து, அதை மீட்கப் பணிகளைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் ஒரு டேட்டாபேஸைக் கொன்றிருந்தால், கெர்னல் தன் கடமையைச் செய்திருக்கிறதே தவிர விழவில்லை.

இந்தப் பிரிவினையில் நேரம் செலவிடுவது வீணல்ல. ஹங் டாஸ்க் எச்சரிக்கையைப் பார்த்ததும் கெர்னல் பிழை என்று ஓடுபவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இன்னும் வட்டில் எழுதப்படாத பக்கங்கள், கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 20 விழுக்காடு வரை சேரலாம் என்பது இயல்பு அமைப்பு. 512 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் அது ஏறத்தாழ 100 ஜிபி வரை போகும். நொடிக்கு 200 எம்பி எழுதும் வட்டுக்கு அதை இறக்கி முடிக்க 8 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் 120 நொடி எச்சரிக்கை பலமுறை வந்துவிடும். அங்கே மாற்ற வேண்டியது டர்ட்டி_ரேஷியோ அமைப்பைத்தான். அதேபோல் மெய்நிகர் கணினிகளில் வரும் சாஃப்ட் லாக்கப், அடியில் இருந்து அவற்றை இயக்கும் ஹைப்பர்வைசர் அந்த சிபியூவுக்கு நேரம் ஒதுக்காததால் வந்ததாக இருக்கலாம். அப்படிக் கிடைக்காமல் போன நேரமான ஸ்டீல் நேரத்தின் அளவைப் பார்க்காமல் விருந்தினர் கெர்னலைக் குற்றம் சொல்லக் கூடாது.

பதிவில் எதுவுமே இல்லாமல் கணினி சட்டென்று மறுதொடக்கம் ஆகியிருந்தால், வன்பொருள், மின்வழங்கி, கணினி பதில் தராவிட்டால் அதை ரீசெட் செய்யும் வன்பொருள் வாட்ச்டாக் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். தொலைமேலாண்மை முறையான ஐபிஎம்ஐ வழியாக, சர்வரில் தனியாக இயங்கும் கண்காணிப்புச் சில்லான பிஎம்சியின் நிகழ்வுப் பதிவை எடுத்துப் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

2. அடுத்த முறை விழும்போது தடயம் தப்பக் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். விழும் கெர்னல் தன் கடைசிச் செய்தியை வட்டில் எழுதிவைக்கும் என்று நம்ப முடியாது. வட்டின் டிரைவரே கெட்டிருக்கலாம். கோப்பு முறைமையின் தரவை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் தொடவிடும் பூட்டு எவரிடமோ மாட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கேடம்ப் என்ற ஏற்பாடு வந்தது. பூட் ஆகும்போதே நினைவகத்தின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றிவைக்கப்படுகிறது. முதல் கெர்னல் பேனிக் ஆனதும், கணினி மறுதொடக்கம் ஆகாமலேயே கெக்செக் மூலம் அந்த இரண்டாவது கெர்னல் ஓடத் தொடங்குகிறது. அது தனக்கு ஒதுக்கிய இடத்துக்குள் மட்டுமே இயங்குவதால், இறந்த கெர்னலின் நினைவகம் கலையாமல் இருக்கிறது. அதை விஎம்கோர் என்ற கோப்பாக எடுத்துவைக்கிறது. 2005இல் வெளிவந்த 2.6.13 பதிப்பிலிருந்து இந்த வசதி கெர்னலில் உண்டு.

அமைக்கும் முறை எளிது. ரெட் ஹேட் வழி வந்த விநியோகங்களில் கெக்செக்-டூல்ஸ் (புதியவற்றில் கேடம்ப்-யுடில்ஸ்), டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கேடம்ப்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். பூட் வரியில் கிராஷ்கெர்னல் என்ற அளவுருவைச் சேர்த்து 256 எம்பி அல்லது 512 எம்பி ஒதுக்குங்கள். சேவையை இயக்கி மறுதொடக்கம் செய்தபின், சிஸ் கோப்பகத்தின் கெர்னல் பிரிவில் உள்ள கெக்செக்_கிராஷ்_லோடட் கோப்பில் 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நினைவக நகலை, அதாவது டம்ப்பை, எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவிக்கு 31 என்ற வடிகட்டு நிலையைக் கொடுத்தால், வெற்றுப் பக்கங்கள், கேஷ், பயனர் தரவு, காலிப் பக்கங்கள் ஆகியவை விடுபட்டுக் கோப்பு வெகுவாகச் சிறுக்கும்.

ஆனால் அமைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ டிரிகர் கோப்பில் 'சி' என்ற எழுத்தை எழுதி, வேண்டுமென்றே ஒரு பேனிக்கை உண்டாக்கிச் சோதிக்க வேண்டும். அதையும் சும்மா இருக்கும் கணினியில் செய்யாமல், உண்மையான பளு ஏறியிருக்கும்போது செய்ய வேண்டும். சும்மா இருக்கும்போது ஒழுங்காக டம்ப் எடுக்கும் கணினி, பளுவின் நடுவே தடுமாறுவதற்குக் காரணங்கள் பல. நெட்வொர்க் அட்டை இன்னும் பழைய கெர்னலின் நினைவகத்துக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் பாதி முடிந்த கோரிக்கைகளோடு நிற்கும். ஒதுக்கிய நினைவகம் போதாமல் இரண்டாவது கெர்னலே ஓஓஎம் ஆகிவிடும். இன்னொரு கண்ணியும் உண்டு: வன்பொருள் வாட்ச்டாக் இயங்கிக்கொண்டிருந்தால், டம்ப் பாதி எழுதப்பட்ட நிலையில் அது கணினியை ரீசெட் செய்துவிடும். டம்ப் முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, வாட்ச்டாக்கின் கெடுவை அதற்கு மேல் வையுங்கள், அல்லது இரண்டாவது கெர்னலிலும் அதன் டிரைவர் ஏற்றப்படும்படி செய்யுங்கள்.

பேனிக்_ஆன்_ஊப்ஸ் அமைப்பை 1 ஆக்குவதும் இதே படியில் சேர்ந்தது. ஊப்ஸுக்குப் பிறகும் ஓடவிட்டால், கொல்லப்பட்ட பணி பிடித்திருந்த பூட்டுகள் விடப்படாமலேயே கிடக்கும். அரைமணி நேரம் கழித்து அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த வேறொரு பணியால் கணினி உறையும்போது, நமக்குக் கிடைக்கும் டம்ப் அந்த இரண்டாம் விபத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். உறைந்துபோகும் வகையாக இருந்தால் சாஃப்ட்லாக்கப்_பேனிக், ஹார்ட்லாக்கப்_பேனிக் ஆகியவற்றையும் இயக்குங்கள். முற்றிலும் மௌனமாகிவிடும் கணினிக்கு அன்னோன்_என்எம்ஐ_பேனிக் அமைப்பை 1 ஆக்கிவைத்து, ஐபிஎம்ஐ மூலம், தடுக்க முடியாத இன்டரப்ட்டான என்எம்ஐ ஒன்றை அனுப்பினால் டம்ப் கிடைக்கும்.

கேடம்ப் தோற்றாலும் கைவிடாத துணைகளாக, 115200 வேகத்தில் சீரியல் கன்சோலையும், யுடிபி வழியாகச் செய்திகளை அடுத்த கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலையும், மறுதொடக்கத்துக்குப் பிறகும் கடைசிச் செய்திகளைக் காப்பாற்றித் தரும் பிஸ்டோரையும் அமைத்துவையுங்கள். நெட்கன்சோல், விழுவது நெட்வொர்க் டிரைவராகவே இருந்தால் பயன்படாது. ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

3. ஊப்ஸ் செய்தியை வரிவரியாக வாசித்தல்

பலரும், விழும்வரை நடந்த ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியலான கால் டிரேஸின் முதல் ஃபங்ஷன் பெயரைத் தேடுபொறியில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். செய்தியின் ஒவ்வொரு வரியும் ஒரு சாட்சியம் என்பதால், நிதானமாக மேலிருந்து படிப்பதே சரி.

முதலில், பதிவில் இருக்கும் முதல் ஊப்ஸ் எது என்று தேடுங்கள். கெர்னலின் நிலையைச் சொல்லும் எழுத்துகளான டெயின்ட் குறிகளில் 'டி' இருந்தால், இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது அதன் பின்விளைவாக இருக்கக்கூடும். 'டபிள்யூ' இருந்தால் முன்பு ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அதைத் தேடி எடுங்கள். 'பி' என்றால் மூடிய உரிமமுள்ள மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் நிரல்துண்டு), 'ஓ' என்றால் கெர்னல் மூலநிரலுக்கு வெளியே கட்டப்பட்ட மாட்யூல், 'எம்' என்றால் வன்பொருள் தானே பிழையை அறிவித்திருக்கிறது. வெளி மாட்யூல்கள் ஏறியிருந்தால், அவை இல்லாமலும் விழுகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. அதைச் செய்யாமல் கெர்னல் பராமரிப்பாளர்களிடம் போனால் அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அடுத்து, சிபியூ நின்ற இடத்தைச் சொல்லும் ஆர்ஐபி வரி. ஃபங்ஷன் பெயரை அடுத்துக் கூட்டல் குறியோடு ஓர் எண்ணும், சாய்கோட்டுக்குப் பின் இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது, ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி சிபியூ நின்றது என்பது. இரண்டாவது, ஃபங்ஷனின் மொத்த நீளம். இரண்டும் பதினாறடிமான எண்கள். கெர்னல் மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்தில் உள்ள எஃப்ஆடர்2லைன் கருவிக்கு இதைக் கொடுத்தால், மூலநிரலின் எந்த வரி என்று சொல்லிவிடும். முழு டிரேஸையும் மாற்ற டிகோட்_ஸ்டாக்டிரேஸ் இருக்கிறது. இவற்றுக்கு, விழுந்த அதே கட்டமைப்பின், முகவரிகளை மூலநிரல் வரிகளோடு பொருத்தும் டீபக்இன்ஃபோ கோப்பு வேண்டும். பதிப்பு எண் ஒன்றாக இருந்தும் கட்டமைப்பு வேறாக இருந்தால், தவறான வரியை நம்பிக்கையோடு காட்டிவிடும். கால் டிரேஸில் கேள்விக்குறியோடு வரும் பெயர்கள் ஸ்டாக்கில் கிடந்த பழைய எச்சங்களாக இருக்கலாம். அவற்றை உறுதியான சாட்சியமாகக் கொள்ளக் கூடாது.

இப்போது முகவரி. இதுதான் மிகுதியாகப் பேசும் வரி, ஆகவே இங்கே நின்று பார்க்கலாம். தொட முயன்ற முகவரி 18 போன்ற சிறிய எண்ணாக இருந்தால், எதையும் சுட்டாத ஒரு பாயிண்டரின் (நல் பாயிண்டர்) வழியாக, ஸ்ட்ரக்சர் என்ற தரவுத் தொகுப்பு ஒன்றின் உறுப்பை எடுக்க முயன்றிருக்கிறது. அந்த ஸ்ட்ரக்சரில் அத்தனை பைட் தள்ளி எந்த உறுப்பு இருக்கிறது என்று பார்த்தால், நல் ஆக இருந்த பாயிண்டர் எது என்பது தெரிந்துவிடும். முகவரியிலோ ரெஜிஸ்டரிலோ 6பி என்ற பைட் திரும்பத் திரும்ப வந்தால், அது விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் கெர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப்பின் பிழைதேடும் வசதி நிரப்பிவைக்கும் குறி. விடுவித்தபின் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். 5ஏ வந்தால், ஒதுக்கியபின் தொடக்க மதிப்பு தராமலே பயன்படுத்தியிருக்கிறது. டிஇஏடி என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி 100 என்றோ 122 என்றோ முடியும் முகவரி, பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்ட ஓர் உறுப்பை மீண்டும் தொட்டதைக் காட்டும். இந்தக் குறிகளெல்லாம் 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் முறையான முகவரி வடிவத்துக்குள் அடங்காதவை என்பதால், வழக்கமான பேஜ் ஃபால்ட்டாக வராமல் ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்டாக வரும். அந்தப் பெயரைப் பார்த்ததும் ரெஜிஸ்டர்களில் இந்தக் குறிகளைத் தேடும் பழக்கம் நல்லது.

கோட் வரியில் கூர்க்குறிகளுக்குள் இருக்கும் பைட் 0எஃப் என்றும் அதற்கு அடுத்தது 0பி என்றும் இருந்தால், சிபியூ தானாக இடறவில்லை; நிரலை எழுதியவரே 'இப்படி நடக்கவே கூடாது' என்று வைத்த சோதனை தோற்றிருக்கிறது. இதற்கு நன்கு ஆவணமான ஓர் எடுத்துக்காட்டு 2019 ஜூனில் வெளியான சாக் பேனிக். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ஜோனதன் லூனி கண்டறிந்த இந்தப் பிழை, 2.6.29 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருந்தது. நெட்வொர்க்கின் டிசிபி அடுக்கில் ஒரு பாக்கெட் எத்தனை துண்டுகளாகப் பிரியும் என்பதை எண்ணும் எண்ணி 16 பிட் அகலம் கொண்டது. ஆக அதன் உச்சம் 65535. ஒரு பாக்கெட்டில் 17 தரவுப் பகுதிகள் வரை இருக்கலாம், எக்ஸ்86இல் ஒவ்வொன்றும் 32 கேபி வரை போகலாம். எதிர்முனை, ஒரு துண்டின் உச்ச அளவான எம்எஸ்எஸ் மதிப்பை மிகக் குறைந்த 48 என்று அறிவித்தால், டிசிபி ஆப்ஷன்கள் 40 பைட் எடுத்துக்கொள்ள, ஒரு துண்டுக்குத் தரவு 8 பைட் மட்டுமே மிஞ்சும். 17 பகுதிகளின் மொத்தம் 557056 பைட். அதை 8ஆல் வகுத்தால் 69632. அது 16 பிட்டில் அடங்காமல் 4096 ஆகச் சுருங்கிவிட, எந்தத் தரவு வந்துசேர்ந்தது என்று சொல்லும் சாக் செய்திகளைக் கையாளும் இடத்தில் இருந்த சோதனை தோற்று, கெர்னல் பேனிக் ஆனது. விழுந்த வரியில் எந்தத் தவறும் இல்லை. தவறு, வெகுதொலைவில் ஓர் எண்ணியின் அகலத்தில் இருந்தது. எல்லையை மீறும் பிழைகள் எல்லாமே ஏறத்தாழ இந்த வடிவில்தான் வரும்: சோதனை தோற்றதைப் பார்த்தால், அதில் வரும் ஒவ்வொரு எண்ணும் எந்த அகலத்தில் சேமிக்கப்படுகிறது, மிக அதிகமான பளுவில் அது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டாக் நிரம்பி வழிவதும் இதே குடும்பம். நினைவகம் தட்டுப்படும்போது, ஒரு கோப்பு முறைமை சிறிதளவு நினைவகம் கேட்க, அதைத் தர வேண்டி கெர்னல் அங்கேயே பழைய பக்கங்களை வெளியேற்ற முயன்று, அது மறுபடி கோப்பு முறைமைக்கும், வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்குக்கும் டிரைவருக்கும் போக, ஒரே ஸ்டாக்கின் மேல் அழைப்புகள் அடுக்கடுக்காக ஏறிவிடும். இந்தக் காரணத்தால்தான் 2014இல் 3.15 பதிப்பில் 64 பிட் எக்ஸ்86 கெர்னல் ஸ்டாக் 8 கேபியிலிருந்து 16 கேபி ஆக்கப்பட்டது. 4.9 முதல் உள்ள விமேப் ஸ்டாக் அமைப்பு இருந்தால், ஸ்டாக் வழிந்த கணத்திலேயே, தொடக் கூடாததாக வைத்த காவல் பக்கத்தில் மோதித் தெளிவான செய்தி வரும். அது இல்லாத பழைய கெர்னல்களில், பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒரு தரவு சத்தமின்றிக் கெடும்.

4. விஎம்கோருக்குள் நுழைதல்

விஎம்கோரையும், அதே கட்டமைப்பின் டீபக்இன்ஃபோவோடு கூடிய விஎம்லினக்ஸ் கோப்பையும் கிராஷ் என்ற கருவிக்குக் கொடுங்கள். பைத்தானில் நிரல் எழுதித் தரவுகளைத் துருவ விரும்புபவர்களுக்கு, மெட்டா நிறுவனத்தில் ஓமர் சாண்டோவால் உருவாக்கிய டிராகன் கருவி இன்னும் வசதி. கெர்னலின் லட்சக்கணக்கான பொருள்களில் ஏதாவது ஒன்று மட்டும் விதிக்கு மாறாக இருக்கிறதா என்று சல்லடை போட அதுவே ஏற்றது.

கிராஷுக்குள் முதலில் லாக் கட்டளையால் செய்திகளை முழுதும் படியுங்கள். பிறகு பிடி கட்டளையை ஏ என்ற விருப்பத்தோடு கொடுத்து, விழுந்த கணத்தில் எல்லா சிபியூக்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். பளுவில் விழும் பிழைக்கு இது இன்றியமையாதது. இருவர் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடுவதால் வரும் போட்டிப் பிழையில் எதிராளி பலவேளைகளில் அடுத்த சிபியூவிலேயே, அதே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கெட்டிருக்கும் முகவரியை கேமெம் கட்டளைக்குக் கொடுத்தால், அது ஒரே வகைப் பொருள்களை வைக்கும் எந்த ஸ்லாப் கேஷைச் சேர்ந்தது, ஒதுக்கப்பட்ட நிலையில் இருக்கிறதா விடுவிக்கப்பட்டதா என்று சொல்லும். கேமெம் கட்டளையை ஐ விருப்பத்தோடு கொடுத்தால் நினைவகத்தின் மொத்த நிலை தெரியும். தடைபட்ட நிலையில் நூற்றுக்கணக்கான பணிகள் கிடந்தால், அவற்றின் டிரேஸ்களை ஒன்றாகத் திரட்டி வகைப்படுத்துங்கள். 400 பணிகள் ஒரே பூட்டுக்காகக் காத்திருந்தால், அந்தப் பூட்டின் ஓனர் புலத்தைப் படித்து, அதைப் பிடித்திருக்கும் பணியை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

டம்ப் கோப்பை வெளியாருக்குக் கொடுக்கும்முன் ஒரு கவனம். வடிகட்டியபின்னும் அதற்குள் கெர்னல் வைத்திருந்த சாவிகளும் நெட்வொர்க் தரவுகளும் இருக்கும். விற்பனையாளரிடம் கொடுப்பதானாலும் மறையாக்கம் செய்து, உரிய அனுமதியோடு கொடுங்கள்.

5. வன்பொருளை ஒதுக்கிவிட்டு மேலே செல்லுங்கள்

ஒரே அமைப்புள்ள பல சர்வர்களில் ஒன்று மட்டும் விழுந்தால், ஒவ்வொரு முறையும் தொடர்பே இல்லாத இடத்தில் விழுந்தால், வன்பொருளின் மேல் சந்தேகம் வலுக்கும். வன்பொருள் பிழைகளைப் பதியும் ராஸ்டீமன் கொண்டு நினைவகத் திருத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் இரவு முழுக்க, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். டம்ப்பிலேயே கிடைக்கும் ஒரு நல்ல அடையாளமும் உண்டு. பட்டியல் கெட்டதைச் சொல்லும் எச்சரிக்கையில், இருக்க வேண்டிய பாயிண்டரும் உண்மையில் இருந்த பாயிண்டரும் இரண்டுமே அச்சாகும். இரண்டையும் பிட்பிட்டாக ஒப்பிடும் எக்ஸ்ஆர் செய்தால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருப்பது தெரிந்தால், மென்பொருளைத் தேடி அலைவதற்கு முன் நினைவக அட்டையை மாற்றிப் பாருங்கள்.

6. பிழையை விரைவாக வரவழைத்தல்

மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் பிழையை ஆராய்வதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பிழையை ஆராய்வதும் வெவ்வேறு தொழில்கள் என்றே சொல்லலாம். ஆகவே முதல் முயற்சி முழுவதையும் அந்தக் கால அளவைச் சுருக்குவதில் செலவிடுவதே சிக்கனம்.

பளுவை நகலெடுக்க, காலின் இயன் கிங் எழுதிய ஸ்ட்ரெஸ்-என்ஜி, வட்டுக்கு ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய எஃப்ஐஓ, நெட்வொர்க்குக்கு ஐபெர்ஃப்3 ஆகியவை பொதுவாகப் போதும். ஆனால் பளுவைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் வழியல்ல. எல்லையைக் கீழே இறக்குவது பல வேளைகளில் இன்னும் விரைவாகப் பலன் தரும். பூட் வரியில் மெம் அளவுருவைக் கொடுத்து 64 ஜிபி கணினியை 4 ஜிபி ஆக்கிப் பாருங்கள். வரிசைகளின் நீளத்தைக் குறையுங்கள். நினைவகம் கிடைக்காத பாதைகளில்தான் பிழை என்று சந்தேகம் வந்தால், பளுவே தேவையில்லை: கெர்னலின் ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதியில் உள்ள ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்_பேஜ்_அலாக் ஆகியவை, நீங்கள் குறிப்பிடும் விழுக்காட்டில் நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும். குறிப்பிட்ட பணிக்கு மட்டும் என்று வரையறுக்கவும் முடியும். உச்சப் பளுவில் வாரம் ஒருமுறை ஓடும் வரிகளை இதனால் நொடிக்கு நூறுமுறை ஓட்டலாம்.

போட்டிப் பிழை என்று ஊகித்தால், இரண்டு செயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் யுடிலே கொண்டு சில நூறு மைக்ரோநொடி தாமதத்தை நுழையுங்கள். ஊகம் சரியென்றால் பிழை வரும் வேகம் சட்டென்று ஏறும். ஏறாவிட்டால் ஊகத்தை மாற்றுங்கள். கெர்னல் பதிவில் எழுதும் பிரின்ட்கே செய்திகளை அங்கே போட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்சோலுக்கு எழுதுவது மிக மெதுவான வேலை. அது நேர ஒழுங்கையே மாற்றி, பிழையை மறையச் செய்துவிடும். அதற்குப் பதில் டிரேஸ்_பிரின்ட்கே, நினைவகத்தில் உள்ள ஒரு வளையத்தில் மட்டும் எழுதுவதால் இலகுவானது. எஃப்டிரேஸ்_டம்ப்_ஆன்_ஊப்ஸ் அமைப்பை இயக்கினால் விழும்போது அந்த வளையம் கன்சோலில் கொட்டப்படும்; டம்ப்பிலிருந்தும் அதை மீட்கலாம்.

7. பிழைதேடும் கட்டமைப்புகள்

ஊகம் எதுவும் கைகூடாதபோதும், ஊகத்தை உறுதிப்படுத்தவும், கெர்னலைச் சிறப்புக் கட்டமைப்போடு கட்ட வேண்டும். 4.0 பதிப்பில் வந்த கேசான் இவற்றில் தலையாயது. எல்லை மீறிய, அல்லது விடுவித்தபின் செய்யும் ஒவ்வொரு நினைவகத் தொடுதலையும் அது நடக்கும் கணத்திலேயே பிடித்து, தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர் ஆகிய மூவரின் கால் டிரேஸையும் அருகருகே வைத்துக் காட்டும். மற்ற நாட்களில் நாம் பார்ப்பது, பாதிக்கப்பட்டவரின் டிரேஸை மட்டும்தான் என்பதை எண்ணினால் இதன் அருமை புரியும். விலையாக, நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை நிழல் நினைவகமாக எடுத்துக்கொள்வதோடு, வேகத்தையும் பாதிக்குக் கீழே இறக்கலாம்.

அந்த வேகக்குறைவை உற்பத்திச் சூழல் தாங்காது என்றால், 5.12இல் வந்த கேஃபென்ஸை இயக்குங்கள். இயல்பில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓர் ஒதுக்கீட்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துக் கண்காணிக்கும் இதற்கு ஏறத்தாழ 2 எம்பி போதும். ஒரு கணினியில் பிடிபட நெடுங்காலம் ஆகலாம். நூற்றுக்கணக்கான சர்வர்களில் ஒரே நேரத்தில் இயக்கினால் விரைவில் ஏதாவது ஒன்றில் சிக்கும். கெர்னலை மீண்டும் கட்ட வாய்ப்பே இல்லை என்றால், பூட் வரியில் ஸ்லப்_டீபக் அளவுருவோடு எஃப், இசட், பி, யு என்ற நான்கு எழுத்துகளையும், சந்தேகத்துக்குரிய கேஷின் பெயரையும் கொடுங்கள்; ஒரே ஒரு கேஷுக்கு மட்டும் இயக்கினால் வேகம் அதிகம் குறையாது.

பூட்டுகளின் வரிசை மாறிப்போய் இரண்டு பணிகள் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும் பிழைகளுக்கு லாக்டெப். 2.6.18 முதல் இருக்கும் இது, உண்மையில் முட்டிக்கொள்வதற்குக் காத்திராமல், இந்த வரிசையும் அந்த வரிசையும் சேர்ந்தால் முட்டிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆகவே இதற்குப் பெரிய பளுகூடத் தேவையில்லை. பூட்டே இல்லாமல் தரவைப் பகிரும் இடங்களுக்கு 5.8இல் வந்த கேசிசான் உண்டு. அது தரும் அறிக்கைகளில் தீங்கற்றவையும் கலந்திருக்கும். பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். கேசானையும் கேசிசானையும் ஒரே கட்டமைப்பில் சேர்க்க முடியாது.

8. பைசெக்ட் செய்யும்போது செய்ய வேண்டிய கணக்கு

பழைய பதிப்பில் விழவில்லை, புதியதில் விழுகிறது என்றால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட் நேர்வழி. 10000 மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 14 படிகள் போதும். ஆனால் தற்செயலாக வரும் பிழையில் 'விழவில்லை' என்ற முடிவை எப்போது எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான பைசெக்ட்கள் தடம் புரள்கின்றன.

பிழை சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கொள்வோம். மூன்று மணி நேரம் ஓட்டியும் விழவில்லை என்பதால் அந்தக் கட்டமைப்பை நல்லது என்று குறித்தால், அது தவறாக இருக்க 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 14 படிகளில் 7 படிகள் அப்படி முடிவு செய்யப்பட்டவை என்றால், எல்லாமே சரியாக இருக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு மட்டுமே. ஐந்து மணி நேரம் காத்திருந்தால், ஒரு படியின் தவறு வாய்ப்பு 0.7 விழுக்காட்டுக்குக் குறைந்து, மொத்த நம்பகம் 95 விழுக்காட்டுக்கு ஏறும். சராசரி நேரத்தைப் போல ஐந்து மடங்கு காத்திருப்பது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆறாம் படியில் சொன்னதுபோல் அந்தச் சராசரியையே முதலில் சுருக்கிவிட்டால், இந்தக் காத்திருப்பும் சேர்ந்து சுருங்கும்.

2018 இறுதியில் 4.19 பதிப்பில் வெளிப்பட்ட தரவுச் சிதைவு இதற்கு நல்ல பாடம். கெட்டது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தெரிந்ததால், அதன்மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. சிலரிடம் மட்டும், சில நேரம் மட்டும் வந்ததால் தேடல் நீண்டது. கடைசியில் காரணம் எக்ஸ்ட்4இல் இல்லை, அதற்கு அடியில் கோரிக்கைகளை வட்டுக்கு அனுப்பும் பிளாக்-எம்க்யூ அடுக்கில் இருந்தது. வன்பொருள் வரிசை நிறைந்திருக்கும்போது திருப்பியனுப்பப்பட்ட கோரிக்கையைக் கையாண்ட விதத்தில்தான் தவறு. 4.19.8 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது.

9. திருத்தமும் அறிக்கையும்

காரணம் தெரிந்தபின், திருத்தத்தை எழுதும் முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் விடை எழுதுங்கள்: டம்ப்பில் கண்ட ஒவ்வொரு மதிப்பும் இந்தக் காரணத்தால் எப்படி வந்தது? ஒரு மதிப்புக்கேனும் விளக்கம் இல்லை என்றால், காரணம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. நல் சோதனை ஒன்றைச் சேர்த்ததும் விழுவது நின்றுவிட்டது என்பது திருத்தம் ஆகாது. அந்தப் பாயிண்டர் ஏன் நல் ஆனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, அது நாளை வேறோரிடத்தில் தரவைக் கெடுக்கும்.

புதிதாகத் திருத்தம் எழுதுவதற்கு முன், நீங்கள் ஓட்டும், திருத்தங்கள் சேர்க்கப்படும் ஸ்டேபிள் கிளையின் பிந்தைய பதிப்புகளில் அதே ஃபங்ஷனுக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று கிட் பதிவில் பாருங்கள், பெரும்பாலும் வந்திருக்கும். வராவிட்டால், கெட்_மெய்ன்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டும் பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். கெர்னல் பதிப்பு, கட்டமைப்புக் கோப்பு, முதல் ஊப்ஸின் முழு வாசகம், பிழையை வரவழைக்கும் மிகச் சிறிய நிரல், பைசெக்ட் முடிவு ஆகியவை அந்த மடலிலேயே இருக்க வேண்டும். படமாக எடுத்த திரையை அனுப்பாமல், எழுத்தாகவே அனுப்புங்கள்.

சோதிக்கும்போது, திருத்தம் இல்லாத கெர்னல் அதே அமைப்பில் அன்றும் விழுகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு திருத்தம் உள்ளதைச் சராசரி நேரத்தின் ஐந்து மடங்குக்கு மேல் ஓட்டுங்கள்; அதே சோதனையைக் கேசான், லாக்டெப் கட்டமைப்பிலும் ஒருமுறை ஓட்டுங்கள். எல்லாம் தேறியபின் உற்பத்திச் சர்வர்களில் பிழைதேடும் அமைப்புகளை அகற்றலாம். கேடம்பையும் பேனிக்_ஆன்_ஊப்ஸையும் மட்டும் அப்படியே விட்டுவைத்து, கெர்னல் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் டம்ப் எடுக்கும் சோதனையைப் பளுவோடு மீண்டும் செய்யுங்கள். புதிய கெர்னலுக்கு முன்பு ஒதுக்கிய நினைவகம் போதாமல் போவது அடிக்கடி நடக்கிறது.